கையுறையின் முதுகில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: கோவையில் 12 பேர் வேலை பார்க்கும் தகட்டுப் பட்டறை. 0.8 மி.மீ. முதல் 3 மி.மீ. வரை இரும்புத் தகடு வாங்கி, வெட்டி, மடித்து, வெல்டிங் அடித்து மின் பேனல் பெட்டி செய்கிறார்கள். "லெவல் 5, இதுக்கு மேல கிடையாது" என்று கடைக்காரர் கொடுத்த கையுறையைப் போட்டிருந்தும், தகடு தூக்கும்போது 19 வயதுப் பையனுக்குக் கட்டைவிரல் இடுக்கில் வெட்டி நான்கு தையல். கையுறையின் முதுகில் ஒரு சுத்தியல் படம், அதற்குக் கீழே 4543 என்ற எண். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், எதை வாங்குவது, எல்லா வேலைக்கும் ஒரே கையுறை போதுமா என்று உரிமையாளர் கேட்டிருக்கிறார்.

முதலில் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. தையல் பிரித்த பிறகும் கட்டைவிரலை மடக்கி நீட்ட முடியவில்லை என்றாலோ, விரல் நுனி மரத்த மாதிரி இருக்கிறது என்றாலோ, கை அறுவை சிகிச்சை தெரிந்த மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். அந்த இடத்தில் நரம்பும் தசைநாரும் தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. வெளியே ஆறிவிட்டது என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

இப்போது எண்ணுக்கு வருவோம். சுத்தியல் படம் இஎன் 388 என்ற ஐரோப்பியத் தரநிலையின் அடையாளம். உராய்வு, வெட்டு, கிழிவு, குத்து என்று இயந்திரத்தாலும் பொருளாலும் கைக்கு வரும் ஆபத்துகளுக்கானது அது. 1994இல் வந்தது, 2003இல் திருத்தினார்கள், 2016இல் பெரிய அளவில் மாற்றினார்கள், 2018இல் ஒரு சிறு திருத்தம். உங்கள் கையுறையில் நான்கு எண்கள் மட்டும் இருக்கின்றன, பின்னால் எழுத்து எதுவும் இல்லை. அப்படியென்றால் அது 2016க்கு முந்தைய முறைப்படி அச்சிட்டது. முதல் எண் உராய்வு, இரண்டாவது வெட்டு, மூன்றாவது கிழிவு, நான்காவது குத்து. கடைக்காரர் சொன்ன 'லெவல் 5' அந்த இரண்டாவது எண். வெட்டுக்கு மட்டும்தான் 5 வரை உண்டு, மற்ற மூன்றும் 4 வரைதான். "இதுக்கு மேல கிடையாது" என்று அவர் சொன்னது 2016 வரைக்கும் சரி.

சிக்கல் அந்த 5 எப்படிக் கிடைத்தது என்பதில் இருக்கிறது. பழைய சோதனைக்குக் கூப் டெஸ்ட் என்று பெயர். வட்டமான ஒரு பிளேடு, மேலே 5 நியூட்டன் (ஏறக்குறைய அரைக் கிலோ) பாரம். கையுறையின் உள்ளங்கையிலிருந்து வெட்டியெடுத்த துண்டின் மேல் அது சுழன்றபடியே முன்னும் பின்னும் போய் வரும். துண்டு அறுந்து பிளேடு அடியில் தொட்டதும் இயந்திரம் நின்றுவிடும். அதே பிளேடு ஒரு குறிப்பிட்ட பருத்தித் துணியை எத்தனை சுற்றில் அறுக்கிறது என்றும் பார்ப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு வரும் குறியீட்டு எண் 20ஐத் தொட்டால் லெவல் 5.

பருத்தி, தோல், சாதாரண நைலான் இவற்றுக்கெல்லாம் இந்தச் சோதனை நன்றாகவே வேலை செய்தது. அப்புறம் கண்ணாடி இழையும் மெல்லிய எஃகுக் கம்பியும் சேர்த்துப் பின்னிய கையுறைகள் வந்தன. அவை பிளேடின் முனையையே மழுக்கிவிடும். மழுங்கிய பிளேடு எத்தனை சுற்று ஓடினாலும் அறுக்காது. சுற்று கூடக் கூட மதிப்பெண்ணும் ஏறும். உண்மையில் நடுத்தரமான கையுறையும், மிக நல்ல கையுறையும் ஒரே 5ஐ வாங்கிக்கொண்டு கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். உங்கள் பட்டறையிலோ பிளேடு மழுங்குவதில்லை. ஒவ்வொரு தகடும் புதிதாக வெட்டிய விளிம்போடுதான் பையன் கைக்கு வருகிறது.

இதற்காகத்தான் 2016இல் டிடிஎம் என்ற சோதனையைச் சேர்த்தார்கள். இது ஐஎஸ்ஓ 13997 முறை. நேரான, கூரான பிளேடு ஒன்று துணியின் மேல் ஒரே இழுப்பாகப் போகும். ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பிளேடு. 20 மி.மீ. நகர்வதற்குள் துணியை அறுத்துவிட எவ்வளவு பாரம் வேண்டும் என்று கணக்கிடுவார்கள். கூப் டெஸ்டில் பிளேடு மழுங்கினால் இந்தச் சோதனை கட்டாயம், மதிப்பும் இதில் வந்ததற்குத்தான். முடிவை எண்ணாகக் கொடுக்காமல் எழுத்தாகக் கொடுக்கிறார்கள்: ஏ என்றால் குறைந்தது 2 நியூட்டன், பி 5, சி 10, டி 15, இ 22, எஃப் 30. பத்து நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ எடை பிளேடின் முதுகில் உட்கார்ந்தால் வரும் அழுத்தம். அதாவது சி வாங்கிய துணி, சவரப் பிளேடு போன்ற ஒன்று ஒரு கிலோ பாரத்தோடு 20 மி.மீ. இழுபட்டால் அறுந்துவிடும் எல்லையில் நிற்கிறது.

எனவே இனிமேல் கடையில் நீங்கள் கேட்க வேண்டியது "லெவல் எவ்வளவு?" என்று இல்லை. "நாலு எண்ணுக்குப் பின்னால என்ன எழுத்து?" என்று கேளுங்கள். 4எக்ஸ்43டி என்பது மாதிரி இருக்கும். எழுத்து இல்லாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள். தகட்டு வேலைக்கு எழுத்து இல்லாத கையுறையை இன்றைக்கு வாங்க ஒரு காரணமும் இல்லை.

நடுவே வரும் எக்ஸ் பற்றிப் பலருக்குக் குழப்பம். எக்ஸ் என்றால் அந்தச் சோதனையைச் செய்யவில்லை, அல்லது அந்தக் கையுறைக்கு அது பொருந்தாது என்று பொருள். 0 என்றால் சோதனை செய்தும் முதல் நிலையைக்கூடத் தொடவில்லை. இரண்டாவது இடத்தில் எக்ஸ் இருந்து கடைசியில் டி இருந்தால் கவலைப்படாதீர்கள், தயாரிப்பாளர் பழைய கூப் டெஸ்டை விட்டுவிட்டு டிடிஎம் மட்டும் எடுத்திருக்கிறார். குத்து இடத்தில் எக்ஸ் இருந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள். சில கையுறைகளில் எல்லாவற்றுக்கும் பின்னால் இன்னொரு பி இருக்கும். அது ஏ, பி, சி வரிசையின் பி இல்லை, விரல் முட்டிப் பகுதியில் விழும் அடியைத் தாங்கும் சோதனையில் தேறியதற்கான வேறு எழுத்து. கையின் முதுகில் ரப்பர் மேடுகள் வைத்த கையுறைகளில் பார்த்திருப்பீர்கள். உங்கள் வேலைக்கு அது தேவையில்லை.

இதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் ஆன்சி 105 என்று வேறொரு தரநிலை. அங்கேயும் வெட்டுச் சோதனைக்கு இதே டிடிஎம் வகை இயந்திரம்தான், ஆனால் நிலைகளுக்குப் பெயர் ஏ1 முதல் ஏ9 வரை. கிராம் கணக்கு: ஏ1க்கு 200, ஏ3க்கு 1000, ஏ4க்கு 1500, ஏ5க்கு 2200, ஏ9க்கு 6000. ஐரோப்பிய டி நிலை ஏறக்குறைய அமெரிக்க ஏ4, ஐரோப்பிய இ நிலை ஏறக்குறைய ஏ5. ஐரோப்பிய முறையில் தனியாக நிற்கும் ஏ என்பது கடைசி வரிசை. அமெரிக்க முறையில் ஏ எல்லா நிலைக்கும் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்து. "ஏ கிரேடு சார்" என்று ஒருவர் எடுத்துக்காட்டினால், அது 2 நியூட்டன் கையுறையாகவும் இருக்கலாம், 60 நியூட்டனுக்குப் பக்கத்தில் வரும் கையுறையாகவும் இருக்கலாம். பழைய ஐரோப்பிய 5ஐ அமெரிக்க ஏ5 என்று விற்பதையும் பார்த்திருக்கிறேன். படத்தையும் தரநிலையின் எண்ணையும் ஆண்டையும் சேர்த்துப் படித்தால்தான் எழுத்துக்கு அர்த்தம் வரும்.

சரி, உங்கள் பட்டறைக்கு எந்த எழுத்து? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1250க்கு 2500 அளவுள்ள 0.8 மி.மீ. இரும்புத் தகடு ஒன்று சுமார் 20 கிலோ. அதே அளவில் 3 மி.மீ. தகடு 73 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கும்போது ஒருவர் பிடி நழுவினால், மற்றவரின் உள்ளங்கை வழியாக அந்த விளிம்பு பாரத்தோடு இழுத்துக்கொண்டு போகும். வெட்டிய தகட்டின் விளிம்பு சோதனைச்சாலை பிளேடு அளவுக்குக் கூர் கிடையாது, அதனால் கிலோவை நேரடியாக நியூட்டனோடு ஒப்பிட முடியாது. ஆனால் பிசிறு நின்ற விளிம்பு ரம்பம் மாதிரி. என் அனுபவத்தில் முழுத் தகட்டை இறக்கி, தகடு வெட்டும் ஷியரிங் மெஷினில் ஏற்றுகிறவர்களுக்கு டி, முடிந்தால் இ. வெட்டிய சிறு துண்டுகளை எடுத்து அடுக்குகிறவர்களுக்கு சி போதும். பிசிறு தேய்த்து முடித்த பெட்டியை அசெம்பிளி செய்கிறவர்களுக்கு பி போதும், அவர்களுக்கு விரல் நுனியில் ஸ்க்ரூவை உணர முடிவது முக்கியம். எல்லாருக்கும் எஃப் வாங்கித் தர வேண்டாம். கை விறைப்பாக இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் கழற்றிப் பின் பாக்கெட்டில் செருகிவிடுவார்கள். பாக்கெட்டில் இருக்கும் எஃப், கையில் இருக்கும் சி அளவுக்குக்கூட உதவாது.

இந்த இடத்தில் கையுறையை விட்டு ஒரு நிமிடம் விலகுகிறேன். பிசிறு ஏன் அவ்வளவு நிற்கிறது? ஷியரிங் மெஷின் பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது மேல் பிளேடுக்கும் கீழ் பிளேடுக்கும் இடையே உள்ள இடைவெளி தகட்டின் கனத்துக்கு ஏற்ற மாதிரி இருக்காது. 0.8க்கு வைத்த இடைவெளி வேறு, 3க்கு வேண்டிய இடைவெளி வேறு. பிளேடைத் தீட்டி, இடைவெளியைச் சரிசெய்து, வெட்டியவுடன் விளிம்பில் ஒரு அரம் ஓட்டினால் கை வெட்டுவது பெருமளவு குறையும். கையுறையில் போடும் பணத்துக்கு முன்னால் இதில் போடுங்கள்.

மற்ற மூன்று எண்களையும் பார்த்துவிடலாம். உராய்வுக்கு மார்ட்டின்டேல் இயந்திரத்தில் உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பார்கள். ஓட்டை விழாமல் 100 சுற்று தாங்கினால் 1, 500க்கு 2, 2000க்கு 3, 8000க்கு 4. உங்களுக்கு 4 வேண்டும், ஏனென்றால் இதுதான் கையுறை எத்தனை நாள் உழைக்கும் என்பதற்குப் பக்கத்தில் வரும் எண். குத்துச் சோதனைக்குப் பயன்படும் ஊசி 4.5 மி.மீ. கனமுள்ள உருண்ட முனைக் கம்பி, ஆணி மாதிரி. 150 நியூட்டன் தாங்கினால் 4. இதைப் பார்த்துவிட்டு ஊசி குத்தாது என்று யாரும் நினைக்கக் கூடாது. குப்பை பிரிக்கிற தூய்மைப் பணியாளர்களுக்கும் மருத்துவமனைக் கழிவு எடுக்கிறவர்களுக்கும் 'குத்து 4' என்று எழுதிய கையுறையைக் கொடுத்து, ஊசி போடும் சிரிஞ்சு உள்ளே இறங்கிவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். பின்னல் துணியின் கண்களுக்குள் மெல்லிய ஊசி எளிதாக நுழைந்துவிடும். ஆன்சி 105இல் சிரிஞ்சு ஊசிக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது, அந்த வேலைக்கு அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

கிழிவு எண்ணைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். கையுறைத் துணி கிழியாமல் எத்தனை நியூட்டன் தாங்குகிறது என்பதே அது: 10க்கு 1, 25க்கு 2, 50க்கு 3, 75க்கு 4. எண் கூடினால் நல்லது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் சுற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இதே எண் ஆபத்து. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து மெஷினில் டிரில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பருத்திக் கையுறையோடு சுருள் சுருளாக வந்த இரும்புச் சீவலைத் தள்ளிவிட்டார். சீவல் கையுறையின் விரல் நுனியைக் கவ்வியது. மெஷினை அணைக்க இரண்டடி எட்டினால் போதும், அந்த இரண்டடிக்கு நேரம் இல்லை. கையுறை கிழிந்து விட்டுக்கொடுத்திருந்தால் விரல் தப்பியிருக்கும். கிழியவில்லை. இரண்டு விரல் முறிந்தது. சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சிக்கிக்கொள்ளும் ஆபத்து உள்ள இடத்தில், கிழிவு நிலை 1 அல்லது அதற்கு மேல் உள்ள கையுறையைப் போடக் கூடாது என்று தரமான தயாரிப்பாளரின் குறிப்புத்தாளிலேயே எழுதியிருக்கும். டிரில், லேத், டேப்பிங் மெஷின் எதிலும் கையுறை வேண்டாம். ஜாபைக் கையால் பிடிக்காமல் கிளாம்பில் இறுக்கி, சீவலை பிரஷ்ஷால் தள்ளச் சொல்லுங்கள். தகடு மடிக்கும் மெஷினிலும் பவர் பிரஸ்ஸிலும் எந்த எழுத்துள்ள கையுறையும் கையைக் காப்பாற்றாது. அங்கே பாதுகாப்புத் தடுப்பும் இரண்டு கை ஸ்விட்சும்தான் வேலை செய்யும்.

இனி பையனின் காயத்துக்கு வருகிறேன். சோதனைக்கான துண்டுகளை உள்ளங்கையிலிருந்து வெட்டுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? சுத்தியல் படத்துக்குக் கீழே உள்ள எண்கள் உள்ளங்கையைப் பற்றியவை. கையின் முதுகு, மணிக்கட்டு, விரல் இடுக்கு இவற்றைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. தகடு பிடிக்கிறவரின் கையுறையை வாரக் கடைசியில் வாங்கிப் பாருங்கள். உள்ளங்கை நடுவில் பூச்சு அப்படியே இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள இடுக்கு மட்டும் தேய்ந்து, பின்னலின் வெள்ளை நூல் தெரியும். தகட்டின் விளிம்பு நாள் முழுக்க உட்காருவது அங்கேதான். அந்த இடத்தில் மட்டும் இன்னொரு அடுக்கு நைட்ரைல் ரப்பரோ தோலோ வைத்துத் தைத்த கையுறைகள் கிடைக்கின்றன. தகட்டு வேலைக்கு அதைத்தான் நான் முதலில் தேடுவேன், டி எழுத்தை அடுத்ததாக. தகட்டைத் தோளில் சாய்த்துத் தூக்குகிறவர்களுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெட்டுத் தாங்கும் ஸ்லீவும் வேண்டும்.

இன்னொன்று, சோதனை புதுக் கையுறையில் நடக்கிறது. ஆயில் ஊறி, இரும்புத்தூள் ஏறி, மூன்று வாரம் ஆன கையுறையில் இல்லை. ஆயில் பூசிய தகட்டில் வழவழப்பான பாலியூரித்தேன் பூச்சு வழுக்கும். வழுக்கும் கை தகட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், விளிம்பு இன்னும் ஆழமாக உட்காரும். ஆயில் தகட்டுக்கு மணல் மாதிரி சொரசொரப்பு உள்ள நைட்ரைல் பூச்சே மேல்.

கடையில் '13 கேஜ்', '15 கேஜ்', '18 கேஜ்' என்றும் சொல்வார்கள். அது பாதுகாப்பு நிலை இல்லை, ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஊசி வைத்துப் பின்னினார்கள் என்ற கணக்கு. எண் கூடினால் துணி மெல்லிசு. ஒரு டஜன் கணக்கில் விற்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை, அதில் புள்ளி புள்ளியாக பிவிசி வைத்தது, இரண்டும் அழுக்குப் படாமல் இருக்க உதவும். வெட்டுக்கு அவற்றை நம்பாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே கையுறை போதுமா என்ற கேள்விக்குப் பதில், போதாது. வெட்டுத் தாங்கும் கையுறைகளில் பெரும்பாலானவை எச்பிபிஇ என்ற வலுவான பாலிஎத்திலீன் நூலில் பின்னியவை. டைனீமா என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சுமார் 145 டிகிரியில் உருகிவிடும். வெல்டிங் முடித்த கையோடு சூடான மூலையை அதோடு பிடித்தால் நூல் உருகித் தோலில் ஒட்டும். கெவ்லர் வகை அராமிட் நூல் உருகாது, ஆனால் வெயிலிலும் பிளீச்சிங்கிலும் வலுவிழக்கும். துவைத்தால் நிழலில் காயப் போடச் சொல்லுங்கள்.

வெப்பத்துக்குத் தனித் தரநிலை இஎன் 407, அடையாளம் தீச்சுடர் படம். அதில் ஆறு எண்கள். உங்களுக்கு முக்கியம் இரண்டாவது எண், தொடு வெப்பம். 1 என்றால் 100 டிகிரி, 2 என்றால் 250, 3 என்றால் 350, 4 என்றால் 500 டிகிரி சூடான பொருளைத் தொட்டும் 15 விநாடி வரை உள்பக்க வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் கூடாமல் இருக்க வேண்டும். 15 விநாடிதான். அடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் வைக்கும் நேரம். பிடித்துக்கொண்டு நின்று பேசும் நேரம் கிடையாது.

வெல்டர் கையுறைக்கென்று இஎன் 12477 என்ற தரநிலை இருக்கிறது, அவை பெரும்பாலும் தோலில் செய்தவை. ஏ வகை கனமானது, சாதாரண ஆர்க் வெல்டிங்குக்கு. பி வகை மெல்லியது, டிக் வெல்டிங்கில் ராடை விரலால் ஊட்டுகிறவர்களுக்கு. தோல் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான தோல் குரோமியம் போட்டுப் பதனிட்டது. பதனிடுவது சரியில்லாவிட்டால், அல்லது தோலை வெப்பத்தில் தவறாக வைத்தால், அதில் ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகலாம். வியர்வையோடு சேர்ந்து தோலில் கடுமையான அலர்ஜியைத் தரும் அது, ஒருமுறை வந்தால் லேசில் விடாது. எல்லாக் கையுறைகளுக்கும் பொதுவான ஐஎஸ்ஓ 21420 தரநிலை இதற்கு ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்த எண் மனப்பாடம், இதில் தவறினால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். உள்ளூரில் விற்கும் தோல் கையுறைக்கு யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். உங்கள் வெல்டருக்கு மணிக்கட்டைச் சுற்றி அரிப்பும் வெடிப்பும் இருந்தால் வெயில் என்று தள்ளிவிடாமல், கையுறையை மாற்றிப் பாருங்கள்.

பவுடர் கோட்டிங் நீங்களே செய்கிறீர்களா என்று எழுதவில்லை. செய்தால் பூச்சுக்கு முன் தகட்டைச் சுத்தம் செய்யும் ஏழு டேங்க் பிராசஸ் இருக்கும், ஆசிட் டேங்க் இருக்கும். அங்கே வெட்டுத் தாங்கும் பின்னல் கையுறை ஆபத்து. ஆசிட்டை உறிஞ்சித் தோலோடு வைத்துக் கட்டிவிடும். ரசாயனத்துக்கு ஐஎஸ்ஓ 374, அடையாளம் குடுவைப் படம். படத்துக்குக் கீழே வரும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு ரசாயனம். மொத்தம் 18 இருக்கின்றன: கே என்றால் 40 சதவீதக் காஸ்டிக் சோடா, எல் என்றால் 96 சதவீதக் கந்தக அமிலம், எஃப் என்றால் டொலுயீன், இப்படி. அவற்றில் ஆறுக்காவது 30 நிமிடம் ஊடுருவாமல் தாங்கினால் 'டைப் ஏ', மூன்றுக்குத் தாங்கினால் 'டைப் பி', ஒன்றுக்கு 10 நிமிடம் தாங்கினால் 'டைப் சி'.

இதில் கவனிக்க வேண்டியது: தகட்டின் துருவை எடுக்க நம் ஊரில் அதிகம் பயன்படும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அந்த 18இல் இல்லவே இல்லை. 'டைப் ஏ' என்று போட்டிருப்பதால் உங்கள் டேங்குக்கு அது தாங்கும் என்று முடிவு செய்ய முடியாது. தயாரிப்பாளரிடம் ரசாயன வாரியான ஊடுருவல் அட்டவணையைக் கேட்டு, உங்கள் ஆசிட்டும் அதன் செறிவும் இருக்கிற வரியைப் பார்க்க வேண்டும். ஊடுருவல் என்பது ஓட்டை வழியாக ஒழுகுவது இல்லை. ஓட்டையே இல்லாத ரப்பருக்குள் ரசாயனம் மூலக்கூறு மூலக்கூறாகப் புகுந்து மறுபக்கம் வருவது. கண்ணுக்குத் தெரியாது, ஈரம்கூடத் தெரியாது. தின்னரில் கை வைக்கிறவர் நீல நைட்ரைல் கையுறை போட்டிருக்கிறேன் என்று தைரியமாக இருப்பார். டொலுயீன், அசிட்டோன் போன்றவற்றுக்கு அந்த மெல்லிய கையுறை சில நிமிடம்கூடத் தாங்காது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. பேனலைச் சோதிக்கும்போது மின்னோட்டத்தோடு வேலை செய்ய நேர்ந்தால் ஐஇசி 60903 அல்லது இந்திய ஐஎஸ் 4770 படி செய்த ரப்பர் கையுறை மட்டுமே. ஐஇசி முறையில் 'கிளாஸ் 00' 500 வோல்ட் வரை, 'கிளாஸ் 0' 1000 வோல்ட் வரை. போடும் முன் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, கன்னத்தருகே வைத்துக் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் கிழியாமல் இருக்க மேலே தோல் கையுறை. எஃகுக் கம்பி சேர்ந்த வெட்டுக் கையுறையோடு எவரையும் மின்னோட்டமுள்ள பேனலைத் தொட விடாதீர்கள்.

கையுறை வாங்கும்போது, ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். ஐரோப்பிய ஒழுங்குமுறை 2016/425, 2018 ஏப்ரல் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவு தோட்ட வேலை மாதிரி சிறு ஆபத்துகளுக்கு, தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் பிரிவுக்கு அங்கீகாரம் பெற்ற அமைப்பு சோதித்துச் சான்று தர வேண்டும், வெட்டுக் கையுறைகள் பெரும்பாலும் இதில் வரும். மூன்றாம் பிரிவு கடுமையான ரசாயனம், மின்சாரம் போன்றவற்றுக்கு. அதில் சிஇக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், உற்பத்தியைத் தொடர்ந்து கண்காணிக்கும் அமைப்பின் எண் அது. ஆசிட் கையுறையில் அந்த நான்கு இலக்கம் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். வெறும் சிஇ என்ற இரண்டெழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிட முடியும். தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், அளவு, தரநிலையும் அதன் ஆண்டும், உள்ளே குறிப்புத்தாள், இவை சேர்ந்து இருந்தால்தான் அந்த இரண்டெழுத்துக்கு மதிப்பு. பெட்டி பெட்டியாக வாங்குகிறீர்கள் என்றால் சோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். தருகிறவரிடம் வாங்குங்கள்.

அளவு. இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். மொத்தமாக 10ஆம் அளவு வாங்கி எல்லாருக்கும் கொடுத்துவிடுவது நம் பட்டறைகளில் சாதாரணம். கட்டைவிரல் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே உள்ளங்கையைச் சுற்றி டேப் வைத்து அளக்க வேண்டும்: 178 மி.மீ. என்றால் அளவு 7, 203 என்றால் 8, 229 என்றால் 9, 254 என்றால் 10. மெலிந்த 19 வயதுப் பையனின் கை பெரும்பாலும் 8தான். 8 கைக்கு 10 போட்டால் விரல் நுனியில் ஒரு சென்டிமீட்டர் காலியாகத் தொங்கும், இடுக்கில் துணி மடிந்து நிற்கும். தகட்டின் விளிம்பு அந்த மடிப்பில் மாட்டினால் துணியைத் தோலோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

ஒரேயடியாக 50 ஜோடி வாங்காதீர்கள். டி எழுத்து, உராய்வு 4, இடுக்கில் இரட்டை அடுக்கு, நைட்ரைல் பூச்சு என்று இரண்டு மாடலில் நான்கு நான்கு ஜோடி, சரியான அளவில் வாங்கி, தகடு ஏற்றுகிறவர்களிடம் இரண்டு வாரம் கொடுங்கள். கொடுத்த தேதியை மணிக்கட்டுப் பட்டையில் மார்க்கரால் எழுதுங்கள். எது எங்கே தேய்கிறது, எது கழற்றப்படுகிறது என்று அவர்களே சொல்வார்கள். இடுக்கில் நூல் தெரிந்த அன்றே புது ஜோடி. பழையதைக் கொடுத்தால்தான் புதியது என்று ஸ்டோரில் கண்டிப்பு காட்டலாம், ஆனால் "இன்னும் ரெண்டு நாள் ஓட்டு" என்ற பேச்சு மட்டும் இருக்கக் கூடாது.

பையனின் பழைய கையுறையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதை உள்வெளியாகத் திருப்பி, வெட்டுப்பட்ட இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுற்றியுள்ள பின்னல் கெட்டியாக இருந்து, ஒரே கோடாக அறுந்திருந்தால் கையுறையின் நிலை போதவில்லை. ஓரங்கள் பஞ்சாகி, வெட்டைச் சுற்றி நூல் மெலிந்து, வலைபோலத் தெரிந்தால் அது எப்போதோ மாற்றியிருக்க வேண்டிய கையுறை. துணியில் வெட்டே இல்லாமல் இடுக்கின் தையல் மட்டும் பிரிந்திருந்தால் அளவு அல்லது தயாரிப்புக் கோளாறு. எது என்று பார்த்து, மணிக்கட்டுப் பட்டையில் இருக்கும் அளவு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். எந்த மாடல் என்பதை அதன் பிறகு முடிவு செய்வோம்.